வாக்கு என்பது ஒரு தாயத்தா? எடித் நெஸ்பிட்டின் சிறுவர் கதைகளும் ஃபேபியன் அரசியலும்

இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி வாக்குவாதம் எழும்போதெல்லாம் 'ஃபேபியன் சோஷலிசம்' என்ற சொல் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடுகிறது. நேரு காலத்துத் திட்டமிடலைக் கண்டிப்பவர்கள் அதை ஒரு வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். அது என்ன சோஷலிசம், யார் தொடங்கியது என்று தேடிப் போகும் வாசகர் 1884ஆம் ஆண்டு லண்டனில் கூடிய ஒரு சிறு குழுவிடம் வந்து நிற்கிறார். அந்தக் குழுவில் எடித் நெஸ்பிட் என்ற பெயரும் இருக்கிறது. சிறுவர் இலக்கியம் படித்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த பெயர். 'தி ரயில்வே சில்ட்ரன்' எழுதியவர்; மண் சரிந்து மூடிய தண்டவாளத்தை நோக்கி வரும் ரயிலை, சிவப்பு உள்பாவாடைகளைக் கிழித்துக் கொடியாக்கி நிறுத்தும் மூன்று பிள்ளைகளைப் படைத்தவர்.

இருவரும் ஒருவர்தானா என்ற சந்தேகம் பலருக்கு வருகிறது. ஒருவர்தான். அரசியல் ஒரு பக்கம், சிறுவர் கதை மறுபக்கம் என்று அவர் இரட்டை வாழ்க்கை வாழவும் இல்லை. நெஸ்பிட்டின் அரசியல் மேடைப் பேச்சிலும் துண்டறிக்கையிலும் கிடைப்பதைவிட, அவருடைய கதைகளில் பணம் எப்படிப் புழங்குகிறது, ஏழைக்கு எப்படி உதவி செய்யப்படுகிறது என்ற இரண்டு இடங்களில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்க, முதலில் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## முதலில் சொற்கள்

1. ஃபேபியன். கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபால் இத்தாலிக்குள் புகுந்தபோது, ரோமாபுரியின் தளபதி குவின்டஸ் ஃபேபியஸ் மாக்சிமஸ் அவனோடு நேருக்கு நேர் மோத மறுத்தார். தள்ளிப்போட்டார், களைக்க வைத்தார், தருணத்துக்குக் காத்திருந்தார். அந்தப் பெயரைத்தான் சங்கம் எடுத்துக்கொண்டது. புரட்சி வேண்டாம்; சட்டம், நகராட்சி, பள்ளிக்கூடம், வரி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் சோஷலிசம் வந்து சேரும் என்பது நம்பிக்கை. பின்னாளில் ஆமை அவர்களுடைய சின்னமானது.

2. ஊடுருவல். தனிக் கட்சி தொடங்கி ஆட்சியைப் பிடிப்பது அவர்களுடைய தொடக்கத் திட்டமாக இருக்கவில்லை. லிபரல்களோ கன்சர்வேட்டிவ்களோ, நகர சபையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் காதில் புள்ளிவிவரங்களோடு போய்ச் சொல்வது, அவர்களையே தங்கள் கருத்தைப் பேசவைப்பது. இந்த உத்திக்கு அவர்கள் வைத்த பெயர் ஊடுருவல்.

3. துண்டறிக்கை. சங்கத்தின் முக்கிய ஆயுதம். 1884இல் வந்த முதல் துண்டறிக்கையின் தலைப்பு 'பெரும்பாலானோர் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்?' எழுதியவர் டபிள்யூ. எல். பிலிப்ஸ் என்ற வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி. படித்த நடுத்தர வர்க்கத்தார் நிறைந்த அந்தச் சங்கத்தில் அவர் ஓர் அபூர்வமான உறுப்பினர்.

அந்தத் தலைப்பு வெறும் முழக்கம் அல்ல. 1880களின் கடைசியில் சார்லஸ் பூத் என்ற கப்பல் முதலாளி தன் சொந்தப் பணத்தில் லண்டன் முழுவதும் வீடு வீடாகத் தகவல் திரட்டத் தொடங்கினார். நகர மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் வாழ்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. உலகத்திலேயே பெரிய பேரரசின் தலைநகரில், பத்துப் பேரில் மூன்று பேர். 1887 நவம்பர் 13 அன்று டிராஃபால்கர் சதுக்கத்தில் கூடியவர்களைப் போலீசும் ராணுவமும் அடித்து விரட்டின. அந்த நாளைக் கண்ணால் கண்ட நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா போன்ற ஃபேபியன்களுக்குத் தெருச் சண்டையில் நம்பிக்கை போய்விட்டது. ஆமையின் வேகம் அவர்களுக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

## ஊர் ஊராகப் போன குழந்தைப் பருவம்

எடித் நெஸ்பிட் 1858 ஆகஸ்ட் 15 அன்று லண்டனின் கென்னிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ஜான் காலிஸ் நெஸ்பிட் வேளாண் வேதியியலாளர். வேளாண் கல்லூரி ஒன்றை நடத்தியவர். எடித்துக்கு நான்கு வயது நிறையும் முன்பே, 1862இல், அவர் இறந்துபோனார். அக்கா மேரிக்குக் காசநோய். நல்ல காற்று தேடி தாய் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு பிரைட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி என்று அலைந்தார். இடையிடையே எடித் விடுதிப் பள்ளிகளில் விடப்பட்டார். 1871இல் மேரியும் இறந்தார்.

அதன்பின் சில ஆண்டுகள் கென்ட் மாவட்டத்தில் ஹால்ஸ்டெட் என்ற கிராமத்து வீடு. அக்கம்பக்கத்தில் ரயில் பாதை. பின்னாளில் எழுதிய ரயில் கதையின் விதை அங்கேதான் விழுந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே நிலைமை: தந்தை இல்லை, அல்லது தொலைவில் இருக்கிறார், பணம் திடீரென்று வற்றிவிட்டது, பழைய வீட்டை விட்டுப் புது ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. இதைக் கற்பனை செய்ய அவர் சிரமப்பட்டிருக்க மாட்டார்.

## திருமணம், கடன், வாழ்த்து அட்டை

1877இல் ஹியூபர்ட் பிளாண்ட் என்ற வங்கி எழுத்தரைச் சந்தித்தார். 1880 ஏப்ரல் 22இல் திருமணம் நடந்தபோது எடித் ஏழு மாதக் கர்ப்பிணி. திருமணத்துக்குப் பிறகும் பிளாண்ட் தன் தாயார் வீட்டிலேயே தங்கிவந்தார். அதே காலத்தில் இன்னொரு பெண்ணும், அவர் தன்னை மணந்துகொள்வார் என்று நம்பி, அவருக்கு ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தார்.

சில மாதங்களில் பிளாண்டுக்குப் பெரியம்மை வந்தது. அவர் படுத்திருந்த நேரத்தில் தொழில் கூட்டாளி இருந்த பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிட்டார். கைக்குழந்தையோடு இருந்த எடித் சம்பாதிக்கத் தொடங்கினார். வாழ்த்து அட்டைகளுக்குக் கையால் வர்ணம் தீட்டினார், அவற்றுக்குச் செய்யுள் எழுதினார், பத்திரிகை அலுவலகங்களின் படியேறிக் கவிதையும் கதையும் விற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படியே கூலிக்கு எழுதினார். நாற்பது வயது கடந்தபின், 1899இல், 'புதையல் தேடியவர்களின் கதை' என்ற முதல் பெரிய சிறுவர் நூல் வந்தது. அதில் பாஸ்டபிள் வீட்டுப் பிள்ளைகளின் தந்தை நோயில் விழுகிறார். அந்த நேரத்தில் அவருடைய தொழில் கூட்டாளி ஸ்பெயினுக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு வீட்டில் பணம் இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் மனத்தில் கிடந்த சம்பவம் ஒரு சிறுவனின் வாயால் ஒரே வாக்கியத்தில் வந்து விழுகிறது.

'எடித்' என்று போடாமல் 'ஈ. நெஸ்பிட்' என்று மட்டும் கையெழுத்திட்டார். வாசகர்கள் பலர் அவரை ஆண் என்றே நினைத்தார்கள்.

## 1884 ஜனவரி 4

லண்டன் ஆஸ்னபர்க் தெருவில் எட்வர்ட் பீஸ் என்பவரின் வீட்டில் அன்று நடந்த கூட்டத்தில்தான் ஃபேபியன் சங்கம் பிறந்தது. பிளாண்ட் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். பின்னர் நீண்ட காலம் பொருளாளராக இருந்தார். நெஸ்பிட் துண்டறிக்கைக் குழுவில் இடம்பெற்றார். சங்கத்தில் கணவனும் மனைவியும் எவ்வளவு ஊறிப்போயிருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும்: 1885இல் பிறந்த மகனுக்கு ஃபேபியன் என்றே பெயர் வைத்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய நாவல்களுக்கு 'ஃபேபியன் பிளாண்ட்' என்று புனைபெயர் சூட்டினார்கள். 'டு-டே' என்ற சோஷலிச இதழின் ஆசிரியர் பணியிலும் பங்குகொண்டார்கள்.

சங்கத்தில் சேர்ந்தவர்களின் பெயர்கள் நமக்கும் தெரிந்தவை. பெர்னார்ட் ஷா, சிட்னி வெப், பின்னாளில் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1885இல் அன்னி பெசன்ட் சேர்ந்தார். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக நாம் அறிந்த அதே பெசன்ட்தான். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பு அவர் லண்டனில் முழு மூச்சான சோஷலிஸ்ட். 1889இல் ஷா தொகுத்து வெளியிட்ட ஃபேபியன் கட்டுரைத் தொகுப்பில் எழுதிய ஏழு பேரில் பெசன்ட்டும் பிளாண்டும் இருக்கிறார்கள்.

நெஸ்பிட் அந்த ஏழு பேரில் இல்லை. இதை வைத்து அவரைக் 'கணவரோடு வந்தவர்' என்று சிலர் ஒதுக்குவது உண்டு. அது நியாயமான மதிப்பீடு அல்ல. 1880களில் அவர் சோஷலிசம் குறித்து எழுதினார், பேசினார். 1908இல் 'சோஷலிசப் பாடல்களும் கவிதைகளும்' என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தார். தெற்கு லண்டனின் டெப்ட்ஃபோர்டு குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்தும் பரிசும் நாடகமும் ஏற்பாடு செய்வதைப் பல ஆண்டுகள் ஒரு கடமையாகவே வைத்திருந்தார். ஆனால் பொருளாதாரக் கோட்பாடு அவருடைய களம் அல்ல. அந்தக் கவிதைகளும் இன்று படிக்கத் தட்டையாகவே இருக்கின்றன. அவர் கண்டுபிடித்த களம் வேறு.

## கதைக்குள் அரசியல் நுழையும் வழிகள்

1. பணம் என்றால் என்ன? 1902இல் வந்த 'ஐந்து பிள்ளைகளும் அதுவும்' நூலில் மணல்குழி ஒன்றில் வாழும் விசித்திரப் பிராணி நாளுக்கொரு வரம் தருகிறது. சூரியன் மறைந்ததும் வரம் கலைந்துவிடும். பிள்ளைகள் ஒருநாள் பொற்காசு கேட்கிறார்கள். குழி நிறையத் தங்கம். ஆனால் அவை புழக்கத்தில் இல்லாத பழைய கினிக் காசுகள். கடைத்தெருவில் யாரும் வாங்கவில்லை. பை நிறையத் தங்கத்தோடு பசியில் அலைகிறார்கள். கடைசியில், இவ்வளவு தங்கம் பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்று போலீஸ் வருகிறது. உலோகத்துக்குத் தானாக மதிப்பு கிடையாது, சமூகம் ஏற்றுக்கொண்டால்தான் அது பணம் என்ற பொருளாதாரப் பாடத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

2. திருட்டு என்றால் என்ன? 'ரயில்வே சில்ட்ரன்' 1905இல் இதழில் தொடராகவும் 1906இல் நூலாகவும் வந்தது. ஜூன் மாதத்தில் அடுப்பு மூட்டும் அளவுக்கு நாம் பணக்காரர்கள் இல்லை என்று தாய் சொல்லிவிடுகிறார். சிறுவன் பீட்டர் இரவில் ரயில் நிலையத்துக் குவியலிலிருந்து நிலக்கரி எடுத்து வருகிறான். பிடிபட்டதும், குவியலின் ஓரத்தில் எடுத்தால்தான் திருட்டு, நடுவில் தோண்டி எடுத்தால் அது சுரங்க வேலை என்று நினைத்தேன் என்கிறான். சொத்துரிமை பற்றிய பெரிய விவாதம் முழுவதும் அந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. நெஸ்பிட் அவனைத் தண்டிக்கவும் இல்லை, அவன் செய்தது சரி என்று சொல்லவும் இல்லை.

3. உதவி எப்போது அவமானமாகிறது? அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயம். என் பார்வையில் நெஸ்பிட் எழுதியவற்றில் அரசியல் நுட்பம் மிகுந்த இடம் இதுதான். ரயில் நிலையப் போர்ட்டர் பெர்க்ஸ் தன் பிறந்தநாளைக் கொண்டாடுவதில்லை. பிள்ளைகளையும் மனைவியையும் பராமரிக்கவே சம்பளம் சரியாக இருக்கிறது. பிள்ளைகள் ஊரெல்லாம் போய் அவருக்காகப் பரிசு சேர்க்கிறார்கள். கொண்டுவந்து வைத்ததும் பெர்க்ஸ் கொதித்துப் போகிறார். இதுவரை யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தவன் நான், என்னைத் தர்மம் வாங்க வைத்துவிட்டீர்களே என்பது அவருடைய கோபம். அவருடைய மனைவி அழுகிறார், பிள்ளைகளும் அழுகிறார்கள். பரிசைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரும் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்லிய பிறகுதான் அவர் தணிகிறார். அந்தப் பொருள்களில் இரக்கம் இல்லை, மரியாதைதான் இருந்தது என்று அவருக்குத் தெரிகிறது.

   விக்டோரியா காலத்துச் சிறுவர் நூல்களில் ஏழை எப்போதும் நன்றியோடு கண்ணீர் விடுபவர். தர்மம் செய்யும் பணக்காரப் பிள்ளை எப்போதும் நல்ல பிள்ளை. அந்த ஏற்பாட்டை நெஸ்பிட் இங்கே உடைக்கிறார். வாங்குபவனுக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. கொடுப்பவன் தன்னை விளக்கிக்கொள்ளக் கடமைப்பட்டவன். இதே நூலில், தாய் காய்ச்சலில் கிடக்கும்போது பிள்ளைகள் ரயிலில் வரும் முதியவரிடம் உணவுப் பொருள் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். நடுத்தர வர்க்கத் தாய்க்கும் பெர்க்ஸுக்கு வந்த அதே கோபம் வருகிறது. போர்ட்டரின் மானமும் சீமாட்டியின் மானமும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

4. அகதியும் அரசும். பிள்ளைகளின் தந்தை காணாமல் போனதன் காரணம் கதையின் நடுவில்தான் தெரிகிறது. அரசாங்க ரகசியத்தை ரஷ்யாவுக்கு விற்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறார். பிரான்சில் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி இதேபோல் தண்டிக்கப்பட்டு, 1906 ஜூலையில்தான் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அன்றைய வாசகருக்கு அந்த வழக்கு மனப்பாடம். கதையில் ரஷ்யாவிலிருந்து தப்பிவந்த ஓர் எழுத்தாளரும் வருகிறார். ஏழைகளைப் பற்றியும் அவர்களுக்கு எப்படி உதவலாம் என்பதைப் பற்றியும் புத்தகம் எழுதினார் என்பதற்காக அவரைச் சிறையிலும் சைபீரியாவிலும் வைத்தார்கள் என்று தாய் பிள்ளைகளுக்கு விளக்குகிறார். நெஸ்பிட்டுக்கு இப்படிப்பட்டவர்களை நேரில் தெரியும். ஸ்டெப்னியாக், குரோபோட்கின் போன்ற ரஷ்ய நாடுகடந்தோர் அவர் பழகிய வட்டத்தில் இருந்தார்கள். ஸ்டெப்னியாக் 1895இல் லண்டனில் தண்டவாளத்தைக் கடக்கையில் ரயில் மோதி இறந்தார்.

## தாயத்தும் வாக்குச்சீட்டும்

1906இலேயே வந்த இன்னொரு நூல் 'தாயத்தின் கதை'. பழைய எகிப்தியத் தாயத்து ஒன்றின் துணையால் பிள்ளைகள் பாபிலோனுக்குப் போகிறார்கள். பாபிலோன் அரசி பதிலுக்கு லண்டனைப் பார்க்க வந்துவிடுகிறாள். பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நகைகளைப் பார்த்து, இவை என்னுடையவை, திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறாள். காலனி நாடுகளிலிருந்து கொண்டுபோன பொருள்களைப் பற்றி இன்று நடக்கும் சண்டையைப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

அதே அத்தியாயத்தில் அவர்கள் ஏறிய வண்டி கிழக்கு லண்டனின் மைல் எண்டு சாலையில் போகிறது. உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று அரசி கேட்கிறாள். அவர்கள் அடிமைகள் அல்ல, உழைக்கும் மக்கள் என்கிறாள் சிறுமி. உழைப்பவர்கள்தானே அடிமைகள், அடிமையின் முகம் எனக்குத் தெரியாதா என்கிறாள் அரசி. கவனமாக இல்லாவிட்டால் கலகம் வரும் என்று எச்சரிக்கிறாள். வராது, அவர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது, அதனால் கலகம் செய்ய மாட்டார்கள் என்று அப்பா சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறான் சிறுவன் சிரில். வாக்கு என்றால் என்ன, அது ஒரு தாயத்தா, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று அரசி கேட்க, அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஓ, ஒரு விளையாட்டுப் பொருள் போலும் என்று முடித்துவிடுகிறாள். உடனே அந்தத் தெருவில் இருப்பவர்கள் அனைவர் கையிலும் அவர்கள் விரும்பிய உணவும் பானமும் வரட்டும் என்று வரம் கேட்கிறாள், அப்படியே நடக்கிறது.

1884ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் பெரும்பான்மை ஆண்களுக்கு வாக்குரிமை தந்திருந்தது. இருபது ஆண்டு கழித்தும் மைல் எண்டு சாலையில் முகம் மாறவில்லை என்பதுதான் அரசியின் கேள்விக்குள் இருக்கும் குற்றச்சாட்டு. அதே 1906இல்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது.

நூலின் இன்னொரு பகுதியில் பிள்ளைகள் எதிர்கால லண்டனுக்குப் போகிறார்கள். தேம்ஸ் தெளிந்து ஓடுகிறது. பூங்காவில் தாய்மார்களைப் போலவே ஆண்களும் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறுவன் அழுதுகொண்டிருக்கிறான்; குப்பையைக் கீழே போட்டதற்காக அன்று ஒருநாள் பள்ளிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், பள்ளி அவ்வளவு இனிமையான இடமாம். அவன் பெயர் வெல்ஸ். ஒரு பெரிய சீர்திருத்தவாதியின் நினைவாக வைத்த பெயர். நூல் வந்த அதே ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் ஃபேபியன் சங்கத்தின் தலைமையைச் சாடி, அதைத் தன் வழிக்குத் திருப்ப முயன்றார். முயற்சி தோற்று 1908இல் வெளியேறினார். பிளாண்ட் வீட்டு மகள் ரோசமண்டோடு அவர் பழகியது நட்பையும் அறுத்துவிட்டது.

## அவர் தவறிய இடங்கள்

பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்கு நெஸ்பிட் ஆதரவு தரவில்லை. தலைமுடியைக் குட்டையாக வெட்டி, இறுக்கமான உள்ளாடைகளைத் துறந்து, பொது இடத்தில் சிகரெட் பிடித்து, குடும்பத்தைத் தன் பேனாவால் காத்த பெண் இதைச் செய்தார் என்பதுதான் இன்றைய வாசகருக்கு ஏற்படும் பெரிய குழப்பம். அவர் தந்த காரணத்தைப் புரிந்துகொள்ள, அன்றைய மசோதாவின் உள்ளடக்கம் தெரிய வேண்டும். 1910இல் வந்த சமரச மசோதா எல்லாப் பெண்களுக்கும் வாக்குத் தரவில்லை. சொத்துத் தகுதி உள்ள ஏறத்தாழ 10 லட்சம் பெண்களுக்கு மட்டுமே தர முயன்றது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றால் சம்மதம், பெரும்பாலும் கன்சர்வேட்டிவ்களான வசதி படைத்த பெண்களுக்கு மட்டும் என்றால் அது சோஷலிசத்தைப் பாதிக்கும் என்பது அவர் நிலை.

தர்க்கம் பிழையானது அல்ல. ஆனால் அது போதுமான விளக்கமும் அல்ல. ஃபேபியன் சங்கமே 1907இல் பெண்களின் சம உரிமையைத் தன் அடிப்படைக் கொள்கையில் சேர்த்துவிட்டது. பிளாண்ட் அந்த உரிமைக்கு வெளிப்படையான எதிரி. வீட்டில் அவருடைய குரல் ஓங்கியிருந்தது. 1918இல் பிரிட்டன் தந்த வாக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட, தகுதி வரம்புக்குள் வந்த பெண்களுக்கு மட்டும்தான். அந்தக் குறையுள்ள படியில் ஏறித்தான் 1928இல் சம உரிமை வந்தது. படிப்படியாக என்ற ஃபேபியன் கொள்கையை இந்த ஒரு விஷயத்தில் அவர் கைவிட்டார் என்பதே என் கணிப்பு.

இன்னொரு குறை கதைகளுக்குள்ளேயே இருக்கிறது. வட்டிக்குக் கொடுப்பவரும் பங்குச்சந்தைக்காரரும் அவர் கதைகளில் யூதப் பெயரோடு, யூதரைப் பற்றிய அக்கால வெறுப்புச் சித்திரத்தோடு வருகிறார்கள். மேலே புகழ்ந்த 'தாயத்தின் கதை'யிலேயே, அதே அரசியின் அத்தியாயத்திலேயே, அது இருக்கிறது. மூலதனத்தை எதிர்ப்பதாக நினைத்து ஓர் இனத்தை இழிவுபடுத்திய தவறு அன்றைய ஆங்கில இடதுசாரிகள் பலரிடமும் இருந்தது. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுபவர்கள் அந்தப் பக்கங்களில் நின்று பேச வேண்டும்.

## வீட்டுக்குள்

1886இல் நெஸ்பிட்டின் தோழியும் ஃபேபியன் சங்கத்தின் துணைச் செயலாளருமான ஆலிஸ் ஹோட்சனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தோழியைக் காப்பாற்ற அந்தக் குழந்தையைத் தன் மகளாக ஏற்றார் நெஸ்பிட். தந்தை தன் கணவர்தான் என்று பிறகே தெரிந்தது. அவள்தான் ரோசமண்ட். 1899இல் ஹோட்சனுக்கு ஜான் என்ற மகனும் பிறந்தான். அவனும் நெஸ்பிட்டின் மகனாகவே வளர்ந்தான். 'ஐந்து பிள்ளைகளும் அதுவும்' அவனுக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. ஹோட்சன் அதே வீட்டிலேயே வாழ்ந்தார்.

இந்தச் செய்தியை வம்பாகச் சொல்பவர்கள் அதிகம். அதில் கவனிக்க வேண்டியது வேலைப் பங்கீடு. வீட்டு நிர்வாகமும் குழந்தை வளர்ப்பும் பெருமளவு ஹோட்சனின் தோளில் இருந்ததால்தான் நெஸ்பிட்டால் அவ்வளவு எழுத முடிந்தது. பிளாண்டும் பத்திரிகைப் பத்திகளால் சம்பாதித்தார். ஆனால் 1899 முதல் எல்தமில் இருந்த வெல் ஹால் என்ற அகழி சூழ்ந்த பெரிய வீட்டின் செலவையும், வார இறுதியில் வந்து குவியும் விருந்தினரையும் தாங்கியதில் பெரும்பங்கு நெஸ்பிட்டின் பேனாவுக்கு. ஃபேபியன் துண்டறிக்கைகள் தொழிற்சாலைக் கூலியை நுணுக்கமாகக் கணக்கிட்டன. ஹோட்சன் செய்த வேலைக்கு எந்தத் துண்டறிக்கையிலும் கணக்கு இல்லை.

1900 அக்டோபரில் மகன் ஃபேபியன், 15 வயதில், வீட்டிலேயே நடந்த ஒரு சிறிய தொண்டை அறுவைச் சிகிச்சையின் பின் இறந்துபோனான். அதற்குப் பிந்திய பத்து ஆண்டுகளில்தான் அவருடைய சிறந்த நூல்கள் எல்லாம் வந்தன.

## 1924

பிளாண்ட் 1914 ஏப்ரலில் இறந்தார். போர்க்காலத்தில் வருமானம் சரிந்தது. வெல் ஹாலில் வாடகைக்கு ஆள் வைத்தார். தோட்டத்துக் காய்கறியும் பூவும் விற்றார். 1915இல் அரசு ஆண்டுக்கு 60 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. 1917இல் கப்பல் பொறியாளரான தாமஸ் டக்கரை மணந்துகொண்டு, சில ஆண்டுகளில் கென்ட் கடற்கரைச் சதுப்பு நிலத்தில் குடியேறினார்.

1924 ஜனவரியில் பிரிட்டனின் முதல் லேபர் (தொழிற்கட்சி) அரசு பதவியேற்றது. பிரதமர் ராம்சே மக்டொனால்ட் ஒருகாலத்தில் ஃபேபியன் சங்க உறுப்பினர். சிட்னி வெப் வர்த்தக அமைச்சர். 1889ஆம் ஆண்டுத் தொகுப்பில் பிளாண்டோடும் பெசன்ட்டோடும் எழுதிய சிட்னி ஒலிவியர் இந்தியா மந்திரி. டெல்லியின் நிர்வாகத்துக்கு லண்டனில் பொறுப்பானவர். நாற்பது ஆண்டு காத்திருந்த ஆமை வாசல்படியைத் தொட்டது. சில மாதங்களில் அந்த அரசு கவிழ்ந்தது. ஒலிவியர் பதவியில் இருந்தபோதும் இந்தியாவுக்குச் சுயாட்சி வரவில்லை. ஃபேபியன் சிந்தனை இந்தியாவுக்கு வந்த வழி வேறு: பிரிட்டனில் படித்த நேரு தலைமுறை அதை வாசித்து எடுத்துவந்தது, 1950இல் அமைந்த திட்டக் குழுவில் அதன் சாயல் விழுந்தது.

லேபர் அரசு பதவியேற்ற நான்காம் மாதம், 1924 மே 4 அன்று நெஸ்பிட் இறந்தார். ஓயாத சிகரெட் நுரையீரலைத் தின்றிருந்தது. செயின்ட் மேரி இன் தி மார்ஷ் என்ற சிறு கிராமத்துத் தேவாலய வளாகத்தில் அடக்கம். கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. டக்கர் தன் கையால் செதுக்கிய மரப் பலகைதான் அவருடைய நினைவுச் சின்னம்.

## படிக்கத் தொடங்குபவர்களுக்கு

அவர் இறந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டதால் நூல்களுக்குக் காப்புரிமை இல்லை. யாரும் தமிழில் மொழிபெயர்க்கலாம், பதிப்பிக்கலாம், நாடகமாக்கலாம். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட 'ஐந்து பிள்ளைகளும் அதுவும்' நூலின் பொற்காசு அத்தியாயம் நல்ல தொடக்கம். அது இரண்டாவது அத்தியாயம், தனியாகவே நிற்கும். அரசியலுக்காகப் படிக்கும் பெரியவர்கள் 'ரயில்வே சில்ட்ரன்' நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தை முதலிலும், 'தாயத்தின் கதை'யின் எட்டாம் அத்தியாயத்தை அடுத்தும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவதில் பெர்க்ஸ் பரிசை மறுக்கிறார். இரண்டாவதில் அரசி மைல் எண்டு சாலையில் வண்டியை விட்டு எட்டிப் பார்க்கிறாள்.